மாமா படுத்துக் கொடுத்த பாட்டு

அந்தப் பாட்டை நான் முழுதாகக் கேட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ஏதாவது சாவு வீட்டில் போட்டால் மாலையை வைத்துவிட்டுச் சீக்கிரம் வெளியே வந்துவிடுவேன். பாடியது என் அத்தைதான் என்று யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் பேச வேண்டியிருக்கும்.

அத்தை என் தாய்மாமனின் மனைவி. அடி அண்ணாமலையில் வீடு. பிள்ளை இல்லாததால் என்னை வைத்திருந்து பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தேன். அதற்குமேல் எங்கேயும் படிக்கவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் யார் இறந்தாலும் அத்தையைக் கூப்பிட ஆள் வந்துவிடும். தலைமாட்டில் உட்கார்ந்து அவர் ஒப்பாரி எடுத்தால், இறந்தவரோடு பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட மூக்கைச் சிந்துவார்கள்.

திருவண்ணாமலையில் கேசட் கடை வைத்திருந்த ஒருவர் அப்படி ஒரு சாவில் அத்தையின் குரலைக் கேட்டுவிட்டு, பதிவு செய்ய வரச்சொன்னார். அத்தை தயங்கினார். மாமாதான் துடித்தார். "மெட்ராஸ் வரிக்கும் போவும்டி உன் கொரலு" என்று சொல்லி எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

கடைக்குப் பின்னால் ஓர் அறை. சுவர் முழுவதும் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்தியதால் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. "புருசன் செத்ததுக்குப் பாடற பாட்டு பாடுங்கம்மா" என்றார் கடைக்காரர். அத்தை மைக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், இருமினார். குரல் வரவில்லை. மூன்று தடவை டேப்பை ஓடவிட்டு நிறுத்தினார்கள்.

"பொணம் இல்லாம எப்டிங்க அழுவறது?" என்றார் அத்தை.

மாமா சிரித்துவிட்டார். "அவ்ளோதானே? இந்தா, நான் செத்துட்டேன். அழு" என்று பாயில் நீட்டிப் படுத்தார்.

கடைக்காரர் பதறினார். "வேணாங்க. உசுரோட கீற ஆளு…"

"நீ மிசினப் பாருய்யா. மாப்ள, கால் கட்டவெரல சேத்துக் கட்டுடா. அப்பத்தான் உங்க அத்தைக்கு நம்பிக்க வரும்."

மூலையில் கிடந்த சணல் கயிற்றால் நான் கட்டினேன். மாமா தன் துண்டாலேயே தாடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

அத்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நான் கட்டிய கயிற்றைப் பார்த்தார். பிறகு தலைமாட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்து, ஒரே மூச்சில் பாடி முடித்தார்.

"அதட்டி ஒரு சொல்லு – நீங்க
அறியாமச் சொன்னதில்ல
கைநீட்டி அடிச்சதில்ல – என்
கண்ணு கலங்க விட்டதில்ல"

எனக்கு வேடிக்கையாக இருந்தது. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று மாமா வீசியடித்த சொம்பு பட்டு அத்தையின் புருவம் கிழிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பாட்டில் பொய் சொன்னால் வாத்தியார் அடிக்கமாட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்தும் மாமா எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் பயந்துபோய் உலுக்கினார். மாமா எழுந்து கயிற்றை அவிழ்த்தார். திரும்பும்போது பஸ்ஸில் கண்ணை மூடிச் சாய்ந்தே வந்தார். காற்றில்லாத அறையில் கிடந்த அசதி என்று எண்ணினேன்.

கேசட் வெளியே வந்ததும் ஊர் ஊராகப் பரவியது. கீழ்பென்னாத்தூர் பக்கம் மைக் செட்காரர்கள் சாவு வீட்டுக்குக் கிளம்பும்போது முதலில் அதைத்தான் எடுத்து வைத்தார்களாம். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி போடக்கூடாது என்பதால், பெண்கள் டேப் ரிக்கார்டரை நிலக்கடலை விளைந்த கல்லங்காட்டுக்குத் தூக்கிப்போய், கல்லக்காய் பிடுங்கியபடி கேட்டு அழுதார்கள். பாட்டில் செத்தவர் மாமாதான் என்று நினைத்துத் துக்கம் கேட்க வந்த இரண்டு பேருக்கு மாமாவே தண்ணீர் கொடுத்தார்.

டீக்கடையில் ஆண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "யோவ், உன்னால வூட்ல நிம்மதி போச்சுய்யா. 'அந்தம்மா புருசன் கால்ல வுழுந்து எழுந்து வா'ன்றா எம் பொண்டாட்டி." எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் முதலில் சிரித்தார். பிறகு டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். எங்காவது அந்தப் பாட்டு கேட்டால் வேறு தெருவாகச் சுற்றி வந்தார். வீட்டில் உப்பு ஏறினாலும் குறைந்தாலும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். அத்தையோ எப்போதும்போல் இருந்தார்.

ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு மாமா கேசட் கடைக்குப் போனார். "அந்த நாலு வரிய மட்டும் எடுத்துட முடியுமா?" என்று கேட்டார்.

கடைக்காரர் சிரித்தார். "அந்த நாலு வரிக்குத்தான்யா ஜனமே வாங்குது."

"பொய்யிங்க அது."

"ஒப்பாரில எதுய்யா நெசம்? செத்தவன எவன் திட்டிப் பாடுவான்?"

மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "திட்டிப் பாடியிருந்தா எழுந்து ஒரு ஒத வுட்டிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். இப்ப இன்னா பண்றது?"

கடைக்காரர் கேசட் அட்டைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியவர்கள் நடுவில் வாய் திறக்காதவன் நான். அன்றைக்கு எப்படியோ பேச்சு வந்தது. உயிரோடு இருக்கும்போதே ஒப்பாரி வாங்கிக்கொண்டதால் செத்துவிடுவோம் என்று பயப்படுகிறார் என்று எண்ணி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சாவ மாட்ட மாமா" என்றேன்.

மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பெரிய தைரியம் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடுவரை சந்தோஷமாக வந்தேன். அவர் பயந்தது சாவதற்கு இல்லை என்பது, எனக்குக் கலியாணமாகி, நானும் ஒரு நாள் மனைவிமேல் கையை ஓங்கி, அந்த நாலு வரி நினைவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.