பொத்துவில் போகும் பின் சீட்டு

கல்முனையிலிருந்து மகளை மடியில் வைத்துக்கொண்டு காரின் பின் சீட்டிலேயே வருகிறேன். ஓட்டுவது என் கணவர். இரண்டு வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்தவரைக் கண்டாலே மகள் அலறுகிறாள். பழகட்டும் என்றுதான் இந்தப் பயணம். அதுவும் சரியோ என்னவோ.

பொத்துவிலில் ஒரு பக்கம் பாலைவனம் போல மணல்மேடு, மறுபக்கம் பாறையில் அறையும் கடல். இறங்குகிறோம்.

"தங்கச்சி, டைவருக்கும் ஒரு குரும்பை வெட்டட்டா?" என்கிறார் இளநீர் விற்பவர்.

"அவர் டைவர் இல்ல காக்கா, புள்ளட வாப்பா."

"அப்ப நீங்க ஏன் பின்னுக்கு இரிக்கீங்க?"

அதற்குள் மகள் வெறுங்காலோடு மணலில் ஓடுகிறாள். சூடு தாங்காமல் அழுது கைகளைத் தூக்குகிறாள். பக்கத்தில் நிற்பவர் என் கணவர்தான். நான் ஓடுவதா, நிற்பதா? நிற்கிறேன். அவர் தூக்கியதும் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள்.

கார் கிளம்பும்போது மகள் முன் சீட்டில். கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பின்னாலிருந்து நான் கேட்டுக்கொண்டே வருகிறேன்.