நுளம்புக்கு ஊர் தெரியாது

"பிலோமினா மிசி போயிட்டா" என்று சங்கக் கடையில் சொன்னார்கள். "எந்த ஊருக்கு மாற்றம்?" என்று கேட்டுவிட்டேன். கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. தாதிமார் மாற்றலாகிப் போவதுதான் எனக்குத் தெரியும். மிசியும் சாவார் என்று நான் நினைத்ததே இல்லை.

மிசி முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. எங்கள் முரசுமோட்டைப் பக்கத்து மருந்துச்சாலையில் வேலை. அந்த நாளில் நுளம்பு கடித்து விட்டுவிட்டு வரும் மலேரியாக் காய்ச்சலை ஆராயக் கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் வந்தார். ஆஸ்பத்திரிப் பதிவுகளில் காய்ச்சல் கூடிய ஊர்களைப் பார்த்து, அங்கே இரத்தம் எடுத்து, விழுங்கப் புதுக் குளிசை கொடுப்பது அவருடைய திட்டம். பதிவுகளின்படி, வயலுக்காக வெளியூர்களிலிருந்து வந்த எங்கள் குடியேற்றத்தில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. உண்மையில் பாதிச் சனம் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. என் மூத்த மகளும்தான். மருந்துத் துண்டு எழுதும்போது ஊரைக் கேட்டால், வேலணை, கரவெட்டி என்று பிறந்த ஊரையே எல்லாரும் சொல்லியிருந்தோம். வயல் இங்கே, ஊர் அங்கே. டொக்டர் வேறிடம் போக ஆயத்தமானார்.

மிசி அவரை மறித்து வைத்துவிட்டு, சைக்கிளில் வீடு வீடாக வந்தார்.

"ஊர் வேண்டாம் அண்ணை. இரவிலை எங்கை படுக்கிறனீங்கள்?"

"நல்லாக் கேளுங்கோ மிசி" என்றாள் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி. "நானும் அதைத்தான் கேக்கிறன்."

பன்றிக் காவலுக்கு வயல் கொட்டிலில் படுக்கிறேன் என்று இருவருக்கும் விளக்கவேண்டியதாயிற்று.

மகளின் பெயரைக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. காய்ச்சல்காரி என்று எழுதிவிட்டால் யார் கட்டுவார்கள்? அவள் வேலணையாகவே இருக்கட்டும் என்றேன்.

"வாய்க்காலிலை தண்ணி வரேக்கை மட்டும் நீங்கள் இந்த ஊரோ? நுளம்புக்கு உங்கடை ஊர் தெரியாது அண்ணை." பிறகு குரலைத் தணித்தார். "ஒருத்தற்றை துண்டிலை கிடக்கிறதை மற்றாளுக்குச் சொல்லமாட்டன்."

மகள் விரலை நீட்டினாள். துணைக்கு நானும் நீட்டினேன். அவள் நின்றாள், நான்தான் உட்காரக் கதிரை தேடினேன். டொக்டர் தங்கினார், குளிசை வந்தது, காய்ச்சல் விட்டது. இடையில் கலியாணத் தரகர் மருந்துச்சாலைக்கே போய்த் துருவிப் பார்த்தாராம். "இஞ்சை மருந்துதான் குடுக்கிறது, பொம்பிளை இல்லை" என்று மிசி அனுப்பிவிட்டார். பக்கத்து வாய்க்கால் கரையிலிருந்த மாப்பிள்ளையோடு கலியாணம் நடந்தது.

மிசியின் அடக்கத்துக்கு மாப்பிள்ளையின் தகப்பனும் வந்திருந்தார். என்னைவிடக் கூட அழுதார். "தங்கமான மனுசி. எங்கடை வீட்டுக் கதை ஒண்டும் வெளியிலை விடேல்லை" என்று சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

எந்தக் கதை? கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மிசியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வாய்ப்பூட்டு ஒன்றுதான். "அப்ப உங்கடை வீட்டிலை ஆருக்குக் காய்ச்சல், சம்பந்தி?" என்று நான் கேட்கவில்லை.