செம்மொழி வந்தால் விலை இறங்குமாம்

தஞ்சாவூரில் வீடு வாங்க ஆளே இல்லை என்று தரகர்கள் புலம்பாத நாள் இல்லை. வயலைத் தூர்த்துப் போட்ட மனைகளில் நெருஞ்சி மண்டிக் கிடக்கிறது. நகர்களில் தெருவுக்கு நாலு வீட்டில் ‘விற்பனைக்கு’ என்று பலகை தொங்குகிறது. ஆனால் வங்கி கடன் தரச் சம்மதித்த பிறகும் ஒன்றரை வருடம் அலைந்த செம்மொழிக்கு மட்டும் இந்த ஊரில் ஒரு வீடும் இல்லையாம்!

செம்மொழி அரசு மருத்துவமனையில் செவிலியர். கீழ்வேளூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவள். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அம்மா வேம்பு நடவு நட்டும் களை பறித்தும் மகளைப் படிக்க வைத்தாள். அந்தச் சேறு வேம்புவின் இரண்டு முழங்காலையும் தின்றுவிட்டது. இப்போது மகளோடு மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறாள், லிஃப்ட் கிடையாது. தரையோடு ஒரு வீடு, அம்மா நினைத்தபோது வந்து உட்கார ஒரு வாசல். செம்மொழி கேட்டது அவ்வளவுதான்.

தரகர் புகழேந்தி காட்டிய ஆறாவது வீடு இராஜாங்கத்தினுடையது. சென்னையில் இருக்கும் மகனோடு போய்விட வேண்டும் என்று விற்கிறார். வாய் நிறைய “வாம்மா” என்றார். கிணற்றைக் காட்டினார், மாமரத்தைக் காட்டினார். நாற்பத்தைந்து லட்சம் என்று விலை படிந்து, காபியும் வந்தது. அப்புறம்தான் ஆரம்பித்தார்.

“பூர்வீகம் எங்கம்மா?”

“கீழ்வேளூர் பக்கங்க.”

“அப்படியா! அங்க நமக்கு நெறைய பேரத் தெரியுமே. ஊருக்குள்ளயா?”

“இல்லீங்க. காலனி.”

அவர் முகம் மாறவில்லை. அந்தச் சாமர்த்தியம் அவருக்கு உண்டு. “பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார். மறுநாள், பையன் விற்க வேண்டாம் என்கிறானாம். பலகை மட்டும் இறங்கவில்லை. முந்தைய ஐந்து வீடுகளிலும் இதே கதைதான். ஒரு வீட்டில் வாஸ்து, இன்னொரு வீட்டில் பங்காளித் தகராறு. பொய் சொல்வதற்காவது கொஞ்சம் மெனக்கெடக் கூடாதா இவர்கள்?

“வேற ஊரு பேரு சொல்லித் தொலைச்சா என்னடி?” என்றாள் கூட வேலை பார்க்கும் ஷீபா.

“நாற்று நட்டுப் படிக்க வச்சிருக்கு எங்கம்மா. நான் எதுக்கு மறைக்கணும்?”

எட்டு மாதம் போயிற்று. இராஜாங்கமும் சென்னைக்குப் போய்விட்டார். பூட்டிக் கிடந்த அந்த வீட்டை எட்டிப் பார்க்கக்கூட ஆள் வரவில்லை. அப்போது புகழேந்தி போன் செய்தார்.

“நல்ல சேதிங்க. ஐயா சம்மதிச்சிட்டாரு. அம்பது லட்சம்.”

“நாப்பத்தஞ்சுதானேங்க பேசுனது?”

“அது அப்பங்க. அப்பறம்... தப்பா எடுத்துக்காதீங்க. பால் காய்ச்சுற அன்னைக்கு ஊர்லேருந்து வேன் வச்சு ஆளுங்களக் கூட்டியாராதீங்க. அம்மாவும் வாசல்ல உக்கார வேணாம். அந்தத் தெருவுல இன்னும் ரெண்டு வீடு விக்கக் கெடக்கு. நீங்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா ரேட்டு எறங்கிடும்னு பயப்படுறாங்க.”

செம்மொழிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “நான் வந்தா ரேட்டு எறங்கும்னா, எனக்கு மட்டும் ஏங்க ஏத்திச் சொல்றீங்க?”

“ஐயா சொன்னதத்தாங்க நான் சொல்றேன்” என்றார் புகழேந்தி.

“ஐயாகிட்ட சொல்லுங்க. பழைய வெலதான். ரெண்டு வேன் வரும். எங்கம்மா வாசல்லதான் உக்காருவாங்க. சம்மதம்னா கூப்புடச் சொல்லுங்க.”

இராஜாங்கம் கூப்பிடவே இல்லை. வீட்டைக் கரையான் தின்றாலும் அவருக்குச் சம்மதம். வேம்பு வாசலில் உட்கார்வதற்கு மட்டும் சம்மதம் இல்லை. இப்படியும் மனிதர்கள் நாலு பேர் முன்னால் மரியாதையாகத்தான் நடமாடுகிறார்கள்.

போனில் பேசியதையெல்லாம் வேம்பு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “நல்லாத்தான் சொன்ன. படிதானே, நான் ஏறி எறங்கிக்கிறேன்” என்றாள்.

மறுநாள் காலை முழங்காலுக்கு ஊசி போட மகளோடு கிளம்பினாள். மூன்று மாடியையும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினாள்.