ராத்தாவின் வங்கிப் புத்தகம்

என் அக்கா ராத்தாவுக்குக் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தபோது எனக்கு எட்டு வயது. கொழும்பு எந்தப் பக்கம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. மருதமுனையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கடற்கரைக்குப் போகும் மணல் ஒழுங்கை அன்றைக்கு மட்டும் கடலில் நிற்காமல் நீர்மேலேயே தொடர்ந்து போவதாகவும், அதன் மறுமுனையில் ராத்தாவின் கல்லூரி நிற்பதாகவும் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை ஒன்று படிப்பதற்காக அவ்வளவு தூரம் போவது அந்தக் காலத்தில் தெருவெல்லாம் நின்று கதைக்கிற சங்கதி. வாப்பா நான்கு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் சம்மாந்துறைக்குப் போய், ராத்தாவுக்கென்று ஒதுக்கியிருந்த வயலின் நெல்லை விற்று, பணத்தைத் துணியில் முடிந்து கொண்டுவந்து உம்மாவின் மடியில் வைத்தார். போகலாம் என்று அவர் வாயால் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இரண்டு வருடச் செலவுக்கான அந்தப் பணத்தை விடுதியில் பெட்டியில் வைத்திருக்க முடியாது. எங்கே போடுவது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. மாமியின் மகனுக்கு ராத்தாவைக் கொடுப்பதென்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். மட்டக்களப்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த அந்த மச்சான் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, வெகு இலகுவாக வழி சொன்னார்.

"என்ட பேரில பேங்கில நடப்புக் கணக்கொண்டு இரிக்கி மாமா. காச அதில போடுவம். மாசம் மாசம் நான் செக் எழுதி அனுப்புறன். பொம்புளப் புள்ள ஆம்புளயளுக்குள்ள போய் நிக்கத் தேவல்ல. நடப்புக் கணக்குக்கு வட்டியும் இல்ல."

கடைசி வார்த்தையில்தான் வாப்பாவின் முகம் தெளிந்தது. வட்டி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்க் கைகழுவி வருகிறவர் அவர். ராத்தா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை மட்டக்களப்பு பஸ்ஸில் வாப்பா, ராத்தா, நான். அழுது அடம்பிடித்துத்தான் நானும் ஏறியிருந்தேன். வழியெல்லாம் தென்னைகள் பின்னோக்கி நடந்தன. நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறியபோது இரண்டு பக்கமும் வாவி வெள்ளித் தகடாகக் கிடந்தது. பாலம் அசையவில்லை, தண்ணீர்தான் எங்களைத் தூக்கிப் போகிறது என்று ராத்தாவின் காதில் சொன்னேன். அவள் கேட்கவில்லை. முக்காட்டின் நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

வங்கியைப் போல் ஓர் இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெயில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றுவிட்டது போல உள்ளே அவ்வளவு குளிர்ச்சி. கூரையில் மின்விசிறி மெல்லச் சுற்றியது. பித்தளைக் கம்பிகளுக்குப் பின்னால் ஆட்கள் இரகசியம் பேசுவதுபோல் பேசினார்கள். அந்தக் கம்பிகளுக்கு அப்பால் எங்கோ ஊர்க்காசெல்லாம் தலையணை வைத்துப் படுத்திருக்கிறது, சத்தம் போட்டால் எழும்பிவிடும் என்று மூச்சையும் மெதுவாக விட்டேன். எங்களுக்காக அங்கே காத்து நின்ற மச்சான் தன் செக் புத்தகத்தை என் கையில் தந்தார். இளநீல நிறத் தாள்கள். ஒவ்வொன்றிலும் நீரலை போல மெல்லிய கோடுகள். அப்படியொரு புத்தகம் எங்கள் வீட்டுக்குள் வரப்போகிறது என்று எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

கண்ணாடி போட்ட வங்கி எழுதுவினைஞர் ஒருவர் படிவத்தை எடுத்தார். மச்சான் தன் கணக்கு இலக்கத்தைச் சொன்னார். வாப்பா முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"ஐயா," என்றாள் ராத்தா. அந்தக் குளிரில் அவள் குரல் பெரிதாகக் கேட்டது. "எனக்குக் காசு தேவப்படக்குள்ள நான் ஒப்பம் வெச்சா தருவீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கணக்கு ஆர்ர பேரில இருக்கோ அவர்ர ஒப்பம் வேணும் தங்கச்சி."

"அப்ப என்ட பேரில ஒண்டு திறக்கேலாதா?"

மச்சான் சிரித்தார். எழுதுவினைஞர் சிரிக்கவில்லை. செக் புத்தகக் கணக்கென்றால் பெரிய தொகை எப்போதும் கிடக்க வேண்டும், சேமிப்புக் கணக்கு அவள் பெயரிலேயே திறக்கலாம், ஆனால் பணம் எடுக்க இங்கேதான் வரவேண்டும் என்று நிதானமாக விளக்கினார்.

ராத்தா வாப்பாவின் பக்கம் திரும்பினாள். "வாப்பா, தபால் கந்தோர்லயும் சேமிப்புப் புத்தகம் குடுக்கிறாங்க. தபால் கந்தோர் எல்லா ஊரிலயும் இரிக்கி. என்ட ஒப்பத்துக்கு நானே எடுக்கலாம்."

"அதில வட்டி வருமே மகள்."

"வாற வட்டிய ஏழயளுக்குக் குடுத்திருவம் வாப்பா. நமக்கு வேணாம்."

"என்னில நம்பிக்க இல்லயா?" என்று மச்சான் மெதுவாகக் கேட்டார். வாப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

வாப்பா வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் சொருகியது. விசிறி நின்று, கூரை மட்டும் சுற்றுவதாகத் தெரிந்தது. பிறகு அவருடைய கை மறுபடி அந்தத் துணியை முடிந்தது.

"எழும்புங்க புள்ளயள்," என்றார்.

மச்சான் எங்களை பஸ்ஸில் ஏற்றிவிட வரவில்லை. நீலத் தாள்களுக்காக நான் பாலம் கடக்கும்வரை அழுதேன். கல்முனைத் தபால் கந்தோர் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். விசிறியும் இல்லை, பித்தளையும் இல்லை; பசையும் மையும் மணத்தன. ராத்தா தன் பெயரை எழுதி ஒப்பம் வைத்தாள். மங்கிய அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துத் தந்தார்கள். இதற்காகவா அந்த மாளிகையை விட்டு வந்தோம் என்று இரண்டு நாள் நான் அவளோடு கதைக்கவில்லை.

ராத்தா படிக்கப் போனாள். அடுத்த பெருநாளைக்கு மாமி வீட்டிலிருந்து வழக்கமாக வரும் வட்டிலப்பப் பலகாரம் வரவில்லை. அதற்கடுத்த மாதம் மச்சானுக்கு வேறிடத்தில் கலியாணப் பேச்சு முடிந்ததாகச் சொன்னார்கள். வாப்பா சில காலம் சந்தைக்குப் போகும்போது மாமி வீட்டுத் தெருவை விட்டுச் சுற்றி நடந்தார். எல்லாம் அந்தப் புத்தகத்தால் வந்த வினை என்றே நான் நம்பினேன்.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் நடந்தது ஒன்று மட்டும் இன்றைக்கும் துலக்கமாக இருக்கிறது. உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ராத்தாவைப் பக்கத்தில் இருத்தி, புத்தகத்தை விரித்து, "உன்ட பேர் எங்க இரிக்கி?" என்று கேட்டாள். ராத்தா காட்டினாள். உம்மா அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"வாப்பாட பேர் எங்க?"

"இல்ல உம்மா."

"மாமிர மகன்ட?"

"அதும் இல்ல."

உம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். விரலை எடுக்கவேயில்லை.

தபால் கந்தோரில் ஏதோ பிழை விட்டிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. கிணற்றடியில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு எடுத்துக்கொண்டிருந்த வாப்பாவிடம் ஓடிப்போய், "வாப்பா, புத்தகத்தில உங்கட பேர எழுத மறந்திட்டாங்க, திருப்பிக் குடுங்க" என்று மூச்சுவாங்கச் சொன்னேன்.

வாப்பா கையிலிருந்த தண்ணீரை உதறினார். "மறக்கல்ல மகள்," என்றார். "சரியாத்தான் எழுதியிரிக்காங்க."

அவருக்கும் வாசிக்கத் தெரியாது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே திரும்பி வந்தேன்.