இன்சீன் மைதானத்தில் ஒரு ஹங்கேரிக்காரி

போன வாரம் தங்கை மகள் புது டென்னிஸ் பந்து டப்பா ஒன்றை என் எதிரே உடைத்தாள். மூடியை இழுத்ததும் 'புஸ்' என்று காற்று வெளியேறி ரப்பர் வாசனை வந்தது. அவ்வளவுதான், எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. புதுப் பந்து வாசனைக்கு வயிறு எரிகிற ஆள் இந்த ரங்கூனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "யாங்கோன்னு சொல்லிப் பழகுங்க பெரியம்மா" என்கிறாள் அவள். வாய் வரமாட்டேன் என்கிறது, என்ன செய்ய?

நாங்கள் ஆடின காலத்தில் புது டப்பாவை யார் கண்டார்கள்? ஹோட்டல்களில் வெளிநாட்டுக்காரர்கள் அடித்து ஓய்ந்த பந்துகளை எங்கள் சயா ஒரு சாக்கில் வாங்கி வருவார். ஆட்டம் சொல்லிக்கொடுத்த பர்மிய வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவோம். எல்லாம் மொட்டைப் பந்துகள். மழைக்காலத்தில் அவற்றிலிருந்து ஊறப்போட்ட கோணிச் சாக்கின் வாடை வரும். அதை வைத்துக்கொண்டுதான் நானும் என் சிநேகிதி செல்வியும் பேர் வாங்கினோம்.

செல்விக்குப் பபேடான் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. எனக்கு எதிர்ச்சாரி மருந்துக்கடை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இரண்டு பேரும் ஊரைச் சுற்றிவரும் வட்ட ரயிலேறி இன்சீன் போய்விடுவோம். அங்கே ரயில்வே ஆட்களுக்கென்று எந்தக் காலத்திலோ போட்ட சிமெண்டு மைதானம் ஒன்று இருந்தது. லுங்கிக்குள்ளே அரைக்கால் சட்டை போட்டிருப்போம். மைதானத்துக்குப் போய் லுங்கியை அவிழ்த்து மடித்து வைத்தால் ஆட்டக்காரி, ஆட்டம் முடிந்து கட்டிக்கொண்டால் மறுபடி குடும்பத்துப் பெண். செல்வியின் அப்பாவுக்குக் கடைசிவரை அந்தச் சட்டை விஷயம் தெரியாது. பாவம், நல்ல மனுஷர்.

நாங்கள் ஆடினது ஜோடி ஆட்டம் மட்டும்தான். தனியாக ஆடினால் எனக்கு சர்வ் விழாது, அவளுக்குப் பொறுமை கிடையாது. சேர்ந்து நின்றால் ஆளே வேறு. அதற்கு ஒரு காரணம் உண்டு. எதிரே நிற்பவர்கள் எல்லாரும் பர்மியப் பெண்கள், பேச்சு முழுக்க பர்மியம். நாங்கள் மட்டும் தமிழில் கத்துவோம். "எனக்கு!" என்றால் நான் அடிக்கிறேன். "விடு!" என்றால் பந்து வெளியே போகிறது, தொடாதே. விடு என்று நான் கத்தினால் செல்வி பந்தைப் பார்க்கக்கூட மாட்டாள், மட்டையை இறக்கிவிடுவாள். ஒரு தடவை நடுவர் சந்தேகப்பட்டு, "என்ன அது, திட்டுகிறீர்களா?" என்று கேட்டார். "சாமி பேரு" என்று செல்வி கண்ணை மூடிக் கும்பிட்டாள். அன்றிலிருந்து இன்சீன் முழுக்க, நாங்கள் ஆடும்போது சாமி கும்பிடுகிறோம் என்று நம்பிவிட்டது.

இந்தக் கதையில் ஹங்கேரிக்காரி எங்கே வந்தாள் என்கிறீர்களா? பான்சோடான் தெரு நடைபாதையில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகள் விற்பார்கள். அதில் ஒன்றில் செல்வி அந்த ஹங்கேரி நாட்டு டென்னிஸ்காரியின் படத்தைப் பார்த்தாள். தனியாக ஆடினால் முதல் சுற்று, மிஞ்சினால் இரண்டாம் சுற்று, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பக்கத்தில் ஒருத்தியை நிறுத்திவிட்டால் கோப்பையோடுதான் திரும்புவாள். "நம்மள மாதிரியேடி!" என்று செல்வி குதித்தாள். ஒரு நோட்டு வாங்கி, படம் படமாக வெட்டி ஒட்ட ஆரம்பித்தாள். மருந்துச் சீட்டு படித்துப் பழகின என் இங்கிலீஷில் படத்துக்குக் கீழே உள்ளதைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு. என் சக்களத்திக்கு நானே மொழிபெயர்ப்பாளர். வேறென்ன சொல்வது அவளை? ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு செல்வி அந்த நோட்டைத்தான் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாரேன், இது மூணாவது ஜோடி. யார்கூட நின்னாலும் ஜெயிக்கிறா" என்றாள் ஒரு நாள். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மக்கு நான், மொகிங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த மீன்குழம்புச் சேமியா எதிரில் இருந்தால் எனக்கு வேறெதுவும் மண்டையில் ஏறாது.

பாங்காக் போட்டிக்குப் பெண்கள் ஜோடி ஒன்றை அனுப்பப் போவதாகச் சயா சொன்ன வாரம், ரயிலில் செல்வி என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"கோவிச்சுக்காதடி. நான் தீரிகூட ஆடுறேன்னு சயாகிட்ட சொல்லிட்டேன். அவ சர்வ் வேகம்."

மா தீரி என்பவள் புதிதாக வந்த பர்மியப் பெண். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, எந்நேரமும் சிரித்துக்கொண்டு, நல்ல உயரம். அவள் சர்வ் வேகம்தான், அதில் பொய்யில்லை. "போயேன், எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்த்தான் அழுதேன்.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். தேர்வு ஆட்டத்தன்று, பெரிய மனசு இருக்கிற மாதிரி டீ பிளாஸ்கோடு போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் பந்தே நடுவில் வந்தது. மா தீரி கத்தினாள்: "எனக்கு!"

தமிழில். கொஞ்சம் மழலையாக, ஆனால் தெளிவாக.

எங்கள் இரண்டே வார்த்தைகளையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பிளாஸ்கைத் திறந்து நானே இரண்டு கோப்பை குடித்தேன். நாக்கு வெந்துபோனது.

கடைசி ஆட்டத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு புள்ளி பின்தங்கி நின்றார்கள். இதுவும் போனால் பாங்காக் இல்லை. எதிராளி பந்தை உயரத் தூக்கினாள். செல்வி பின்னால் ஓடி வந்தாள், என் பெஞ்சுக்கு நேரே. மட்டையை ஓங்கிவிட்டாள்.

"விடு!"

கத்தினது நான். திட்டம் போட்டுக் கத்தினேனா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. பந்து உள்ளே விழும் என்று மட்டும் தெரியும். செல்வி மட்டையை இறக்கினாள். கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது பந்து.

பக்கத்தில் இருந்த பர்மிய அம்மா என் கையைத் தட்டி, "இவ்வளவு சாமி கும்பிட்டும் தோற்றுவிட்டார்களே" என்று வருத்தப்பட்டாள். மா தீரி ஓடி வந்து பர்மியத்தில், "நான் கத்தவில்லையே!" என்றாள். செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. "என் தப்புதான். காற்று தள்ளிவிடும் என்று நினைத்தேன்" என்றாள்.

ரயிலில் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுதான் பயமாக இருந்தது. இறங்கும்போது சொன்னாள்:

"உன்மேல கூட இல்லடி. உன் குரல் கேட்டதும் தானா நின்னுச்சு பாரு, இந்தக் கை, இதுமேலதான் ஆத்திரம்."

மறுநாள் கடைக்கு வந்து, நோட்டை மாத்திரை டப்பாக்களுக்கு நடுவே வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் கல்யாணமாகிப் பினாங்கு போனாள். கடிதம் வரவில்லை. நானும் எழுதவில்லை, எதை எழுதுவது?

ஹங்கேரிக்காரியை நான் விடவில்லை. படம் கிடைத்தால் ஒட்டிக்கொண்டே வந்தேன். முப்பது வயதுக்கு மேலும் ஜெயித்தாள், ஜோடியை மாற்றிக்கொண்டே இருந்தாள். பழைய ஜோடிகள் எதிரே நின்று ஆடித் தோற்றாலும், முடிந்ததும் வலைக்கு மேலே கட்டிக்கொள்வார்கள். கோப்பை போகட்டும், அந்தக் கட்டிக்கொள்வதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பக்கங்களில் கோந்து தாறுமாறாகத்தான் இருக்கும்.

இன்சீன் மைதானத்தின் மேலே இப்போது கிடங்கு ஒன்று நிற்கிறது. சயாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கை மகள் ஆடுவது வேறு இடத்தில், பச்சைத் தரை, புதுப் பந்து. அந்த டப்பா உடைத்த அன்று நானும் கூடப் போனேன். அவளும் அவள் ஜோடியும் பர்மியத்தில் கத்திக்கொண்டு ஆடினார்கள். ஒரு பந்து அவள் தலைக்கு மேலே வந்தது. என்னை அறியாமல், "விடு!" என்று கத்திவிட்டேன்.

அவளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். ஆனாலும் நிற்கவில்லை, எட்டி அடித்து வலையில் மாட்டினாள். "ஏன் பெரியம்மா கத்துறீங்க?" என்று சலித்துக்கொண்டாள்.

அந்தப் பந்து நிஜமாகவே வெளியேதான் போய்க்கொண்டிருந்தது.