ஸ்விங்க் என்று எழுதியவள்

எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. என் அக்கா ஓர் ஆங்கில–தமிழ் அகராதி அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் தற்காலிக ஊழியராகவே இருந்தாள். ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, நுணுக்கு எழுத்தை உற்றுப் பார்த்துப் பார்த்தே கண்ணாடியின் நம்பரை ஏற்றிக்கொண்டாள். வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்கள் அவள் பிரிவு. சொல்லுக்கு ஓர் அட்டை. அதில் பொருள், பிறப்பு, கடைசியாக யார் எழுதினார்கள் என்ற மேற்கோள். செத்த சொல்லென்றால் முன்னால் ஒரு கத்திக் குறி.

‘ஸ்விங்க்’ என்ற வினைச்சொல்லும் அப்படித்தான் அவளிடம் வந்தது. உடம்பு நோக உழைப்பது என்று பொருள். ஆயிரம் வருடங்களுக்கு முன் ஆங்கிலேயர் வாயில் சாதாரணமாகப் புழங்கியது. அப்புறம் பிரெஞ்சு பேசிய துரைமார்கள் ஆள வந்தார்கள். அவர்களோடு வந்த ‘லேபர்’, ‘டாயில்’ எல்லாம் நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொள்ள, இது மெல்ல மெல்ல வாசலுக்குப் போய்விட்டது. உழைத்தவனிடம் இருந்த சொல்லையும் பிடுங்கிக்கொண்டார்கள், பாருங்கள்!

புது இயக்குநர் என்று ஒரு மகராசன் வந்தார். வந்த வாரமே, கத்திக் குறி போட்டதையெல்லாம் தூக்கச் சொன்னார். பிரிவு போனால் அக்காவும் போக வேண்டியதுதான். வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு அவள் ஆங்கிலத்தில் மனு எழுதினாள். அதில், ‘பத்தொன்பது வருடம் இங்கே ஸ்விங்க் செய்திருக்கிறேன்’ என்று ஒரு வரி. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“ஏன்க்கா வம்பை விலைக்கு வாங்குற? ஒழுங்கா ஒர்க்குன்னு எழுதேன்.”

“ஒர்க்குன்னா அந்தாளும்தான் பண்றான். நான் பட்ட பாட்டுக்கு இதுதாண்டி வார்த்தை.”

மூன்றாம் நாள் மனு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் இயக்குநர் எழுதியிருந்தார்: ‘இங்கே யாரும் உங்களை ஸ்விங்க் செய்யச் சொல்லவில்லை. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம்.’

நக்கல்! பத்தொன்பது வருடத்துக்கு இந்த நக்கல்! நானாக இருந்தால் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருப்பேன். அக்கா ஒரு புது அட்டையை எடுத்தாள். உயிரோடு இருக்கிற இரண்டு பேர் எழுத்தில் பயன்படுத்தினால் அந்தச் சொல்லுக்குக் கத்திக் குறி கிடையாது என்பது அகராதியின் விதி. தன் மனுவின் வரியை எழுதினாள். அதன் கீழே இயக்குநரின் வரி, பெயர், தேதி. கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தாள்.

“என்னம்மா, என்னையே மேற்கோள் காட்டுறியா?”

“எழுதினது நீங்கதானே சார்.”

மாதக் கடைசியில் அக்காவை அனுப்பிவிட்டார்கள். அகராதி போன மாதம் வெளிவந்தது. ‘ஸ்விங்க்’ இருக்கிறது, கத்திக் குறி இல்லாமல். முதல் மேற்கோளின் கீழே ‘ஊழியர் ஒருவர்’ என்று அச்சாகியிருக்கிறது. இரண்டாவதன் கீழே அந்தாளின் பெயர், வாங்கிய பட்டங்கள் அத்தனையோடும்.