ராணியின் தொட்டியில் ஒன்பது ஆமைகள்

அலெக்சாண்டர் என்ற பெயரை யூனிஸ் முதன்முதலாகக் கேட்டது பெங்களூர் மர்பி டவுனில், அவளுடைய அத்தை மௌரீன் வீட்டு அடுப்படியில். தொண்ணூற்றிரண்டாம் வருஷம், ஈஸ்டருக்கு மறுநாள். அத்தை ஆட்டுக் குடலைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அத்தையின் வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி. அந்தத் தம்பி பெண் எடுத்த வீட்டின் மூத்த பிள்ளைதான் இந்த அலெக்சாண்டர். தாய் இல்லை. அப்பா குதிரை லாயத்தில் புல் போட்டே காலத்தை ஓட்டியவர். பிள்ளைக்குத் தும்கூர் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பூங்காவில் முதலைக்கு இறைச்சி போடும் வேலை. குடியிருக்க அங்கேயே வீடும் கொடுத்திருக்கிறார்களாம்.

யூனிஸின் அப்பா வாசலில் இருந்தபடியே கேட்டார்: "அவனுக்கு மொதல்ல முதலையா, நம்ம பொண்ணா? அதக் கேட்டுச் சொல்லு."

அத்தை கேட்டே விட்டாள். ரெண்டு பேருக்கும் வேளைக்குச் சோறு போடுவேன் என்று பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகவே அப்பா சம்மதித்தார்.

முதலைக்கு ராணி என்று பெயர். எட்டடி நீளம். அது இருந்ததோ இடுப்பளவு தண்ணீர் நிற்கும் ஒரு சிமெண்டுத் தொட்டி. ஓரத்தில் கொஞ்சம் மணல் திட்டு. அவ்வளவுதான். அலெக்சாண்டர் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர், ஆனால் ராணியின் வருஷம் முழுக்க அவருக்கு மனப்பாடம். தீபாவளி கழிந்து பெங்களூர்க் குளிர் இறங்கினால் அது இரை எடுப்பது குறையும். மார்கழியில் மூக்கருகே கறியை வைத்தாலும் திரும்பாது, கட்டை போலக் கிடக்கும். சிவராத்திரி வாக்கில் வெயில் ஏறியதும் அத்தனை மாதப் பசியும் மொத்தமாக வந்து சேரும். அப்போது மூங்கில் கழியால் தொட்டி விளிம்பில் மூன்று தட்டு தட்டுவார். சாப்பாடு வந்துவிட்டது என்று அது நீந்தி வரும்.

தொண்ணூற்றேழில் மல்லேஸ்வரத்திலிருந்து ஆமைகள் வந்தன. சுப்புலக்ஷ்மி என்று ஒரு அம்மாள், கணவர் போன பிறகு பழைய வீட்டை விற்றுவிட்டு மகளோடு ஃபிளாட்டுக்குப் போகிறவர். தோட்டத்துத் தொட்டியில் கணவர் வளர்த்த ஆமைகளைக் காரில் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அலெக்சாண்டர் கையில் எடுத்துக் கொடுத்தார்.

"இது அவர் வளத்தது. ஒன்பதும் ஒன்பதா இருக்கணும்ப்பா."

"இருக்கும்மா," என்றார் அலெக்சாண்டர்.

தன் வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த தொட்டியைத் தேய்த்துக் கழுவி அதில் விட்டார்.

டிசம்பரில் பாலகுமார் மேனேஜராக மெட்ராஸிலிருந்து வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பெங்களூர்க் குளிர் அவருக்குப் புதிது. ராணி வாயே திறக்காமல் கிடப்பதைப் பார்த்தார். யார் கண்ணிலும் படாமல் பின்னால் ஆமைகள் கிடப்பதையும் பார்த்தார். ஆமைகளையும் ராணியின் தொட்டியிலேயே விடச் சொன்னார்.

"மெட்ராஸ்ல ரெண்டும் ஒண்ணா கெடக்கறத நான் கண்ணால பாத்துருக்கேன்பா."

"அங்க ஏரி மாதிரி எடம் சார். இங்க ஆமைக்கு ஓடி ஒளிய வழியில்ல. ராணி சாது இல்ல சார், குளிர்ல வெறைச்சுக் கெடக்குது."

முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பாலகுமார் சொல்லிவிட்டுப் போனார்.

யூனிஸுக்கு அப்போது ஐந்து மாதம். முன்னால் இரண்டு தங்கவில்லை. படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "ஆமைக்காக என்ன ரோட்ல விடுவீங்களா? சொன்னதச் செய்ங்க."

செய்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆமைகள் ராணியின் முதுகில் ஏறி வெயில் காய்ந்தன. ஜனம் குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டியது. 'ஸ்நேகிதரு' என்று கன்னடத்தில் ஒரு போர்டும் வந்தது. ஜனவரியில் சுப்புலக்ஷ்மி அம்மாள் பார்க்க வந்து, கம்பியைப் பிடித்தபடி ஆமைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். குளிர் போவதற்குள் எடுத்துவிடுகிறேன் என்று அலெக்சாண்டர் அவருக்கு வாக்குக் கொடுத்தார். மேனேஜரிடம் இரண்டு தடவை போய்க் கேட்டார். சிவராத்திரி லீவுக் கூட்டம் முடியட்டும் என்றார் மேனேஜர்.

அந்த வருஷம் குளிர் ஒரு வாரம் முந்தியே போய்விட்டது.

சிவராத்திரி அன்று காலை யூனிஸ் படுத்திருந்தாள். படீரென்று ஒரு சத்தம். பக்கத்துக் கோயிலில் தேங்காய் உடைக்கிறார்கள் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பண்டிகை நாள்தானே என்று கண்ணை மூடிக்கொண்டாள். பிறகுதான் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

வாட்ச்மேன் அர்ஜுனன் பின்னால் சொன்னது இது. முதல் ஓடு நொறுங்கிய சத்தம் கேட்டதும் அலெக்சாண்டர் கோணிப்பையோடு சுவரேறிக் குதித்தாராம். மூங்கிலைத் தொடவே இல்லை. தட்டினால் சாப்பாடு என்று அது வந்துவிடுமே. ராணி அந்த மூலையில் தின்றுகொண்டிருக்க, இந்தப் பக்கத்தில் ஏழு ஆமைகளைப் பையில் போட்டுச் சுவருக்கு வெளியே இறக்கிவிட்டார். எட்டாவது தண்ணீருக்குள் இருந்தது. குனிந்து இடது கையை விட்டார்.

இரண்டாவது சத்தம் ஓடா எலும்பா என்று யூனிஸ் இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை.

முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அனுமதியில்லாமல் இறங்கினான் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே அலெக்ஸ்," என்றார்.

"குளிர்லயே சொன்னேன் சார்."

சுப்புலக்ஷ்மி அம்மாளும் வந்தார். எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அலெக்சாண்டர் வலது கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். பிறகு அதே கையை மடக்கி, இரண்டு விரலை நீட்டினார்.

அந்த ஏழு ஆமைகளையும் வனத்துறைக்காரர்கள் வந்து கொண்டுபோனார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மௌரீன் அத்தை வீட்டில்தான் பெண் குழந்தை பிறந்தது. இந்தத் தடவை தங்கியது. அன்று சுவர்ப் பக்கம் திரும்பிச் சொன்ன வார்த்தையை அலெக்சாண்டர் ஒரு நாளும் எடுத்துக் காட்டியதில்லை. எடுத்துக் காட்டியிருந்தால் தேவலை என்று யூனிஸுக்குத் தோன்றும். தேங்காயை அவள் கடையிலேயே உடைத்துத்தான் வாங்குவாள். கடைக்காரர் உடைக்கும்போது நாலு கடை தள்ளிப் போய் நின்றுகொள்வாள்.

அலெக்சாண்டர் இப்போது யூனிஸோடும் மகளோடும் ஜீவனஹள்ளியில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறார். பகலில் ஒரு பள்ளிக்கூடத்து கேட்டில் காவல் வேலை.